விடாப்பிடியை வாக்கியத்தில் அமைத்தல்

நேயர்களுக்கு வணக்கம்.

"பின்வரும் சொற்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக" என்னும் கேள்வியைப் பள்ளிக்கூடத்தில் எழுதாதவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. அந்தக் கேள்வியில் வரும்போது எளிதாகத் தோன்றி, எழுதி முடித்த பின் வெறுமையாக நிற்கின்ற ஒரு சொல்லை இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது விடாப்பிடி. "கண்ணன் விடாப்பிடியாக இருந்தான்" என்று ஒரு பிள்ளை எழுதினால் அதில் எழுத்துப் பிழையும் இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் அதே இடத்தில் மகிழ்ச்சியாக, சோர்வாக, அமைதியாக என்று எதை வைத்தாலும் வாக்கியம் அப்படியே நின்றுகொள்ளும். சொல்லின் பொருளை அறிந்துதான் பிள்ளை எழுதியதா என்பதைத் திருத்துகிற ஆசிரியர் கண்டுகொள்ள வழியே இல்லை.

பிடி என்றால் இறுகப் பற்றுதல். அதை ஏன் "விடாத பிடி" என்று சிறப்பித்துச் சொல்ல வேண்டும்? மறுபக்கத்திலிருந்து யாரோ இழுக்கிறார்கள், அல்லது ஏதோ ஒன்று விடச் சொல்லி நெருக்குகிறது என்பதனால்தான். இழுப்பு இல்லாத இடத்தில் விடாப்பிடிக்கு வேலை இல்லை. ஆகவே இச்சொல் வரும் வாக்கியத்தில் பிடித்தவரைச் சொன்னால் மட்டும் போதாது. அவர் எதைப் பிடித்தார் என்பதும், அதற்கு எதிராக நின்றது எது என்பதும் கேட்பவருக்குத் தெரிய வேண்டும். "வாடைக் காற்றில் கடல் பொங்கிக் கிடக்கிறது, இன்றைக்குப் போக வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் தடுத்தும், பெரியவர் விடாப்பிடியாக வள்ளத்தை இறக்கினார்" என்று நம் கரையோரத்தில் ஒருவர் சொன்னால், விடாப்பிடி என்ற சொல்லை அறியாத ஒருவருக்கும் அதன் பொருள் அந்த வாக்கியத்திலிருந்தே விளங்கிவிடும்.

அந்த வாக்கியத்தில் உண்மையில் பாரம் சுமப்பது "தடுத்தும்" என்பதன் கடைசியில் உள்ள "உம்" ஆகும். உறுதியைப் பற்றித் தமிழில் நன்றாகச் சொல்லப்பட்ட வாக்கியங்களை எடுத்துப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலும் இந்த "உம்" எங்காவது இருக்கும். பழைய நாடகக் கொட்டகை விளம்பரங்களில் "அடாது மழை பெய்தாலும் விடாது நாடகம் நடைபெறும்" என்று போடுவார்கள். மழையைச் சொல்லாமல் "விடாது நாடகம் நடைபெறும்" என்று மட்டும் அச்சிட்டிருந்தால் யார் நினைவில் வைத்திருப்பார்கள்? திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரமும் இதே அமைப்பில்தான் உச்சத்தைத் தொடுகிறது. "தெய்வத்தான் ஆகா தெனினும்" என்று ஒரு குறள் தொடங்குகிறது. அடுத்த குறளோ "ஊழையும் உப்பக்கம் காண்பர்", அதாவது விதியையும் புறங்காட்டச் செய்வர், என்கிறது. முயற்சியைப் புகழுமுன் அதற்கு எதிரே தெய்வத்தையும் ஊழையும் நிறுத்திவிடுகிறார் வள்ளுவர். எதிரி எவ்வளவு பெரியவரோ அவ்வளவுக்குத் தாழாது உஞற்றுபவரும், அதாவது தளராமல் முயல்பவரும், பெரியவராகிறார்.

இடையில் ஓர் எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடாப்பிடியை "விடாபிடி" என்று ஒற்றில்லாமல் எழுதும் வழக்கம் பரவி வருகிறது. "விடாத" என்பது கடைசி எழுத்துக் கெட்டு "விடா" என நிற்பதை ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பார்கள். அதன் பின் வல்லினம் மிகும். செல்லாக்காசு, வாடாப்பூ என்பன போல இதிலும் ஒற்று மிக வேண்டும். விடாமுயற்சியில் ஒற்று மிகாததற்குக் காரணம், அடுத்து வருவது மெல்லினம். வானொலியில் எழுத்தைக் காட்ட முடியாது. ஆனால் காது இதைக் கண்டுபிடிக்கும். ஒற்றை எடுத்துவிட்டால் பகரம் மெலிந்து ஒலிக்கிறது, பிடியே தளர்ந்துவிடுகிறது.

இனி, பொருளில் நெருங்கிய சொற்களோடு இதைக் குழப்பாமல் இருப்பது பற்றி. மழை விடாமல் பெய்யும். விடாப்பிடியாகப் பெய்யாது, ஏனெனில் மழைக்கு மனம் இல்லை. கவிதையில் மழைக்கு மனம் கொடுப்பவர் கொடுக்கட்டும், செய்திக்கு அது ஆகாது. விடாமுயற்சி காலத்தோடும் உழைப்போடும் சேர்ந்த சொல். 1863இல் திருகோணமலையில் பிறந்து, சென்னையில் பழந்தமிழ் நூல்களைப் பரிசோதித்துத் திருத்தும் பணியில் ஈடுபட்ட தி. த. கனகசுந்தரம்பிள்ளையைப் பற்றி எழுதும்போது விடாமுயற்சி என்பதே பொருந்தும். விடாப்பிடி என்றால் அவர் யாரோடோ சண்டைக்கு நின்றதாகிவிடும். பிள்ளைகள் அடம் பிடிப்பார்கள், மாடு முரண்டு பிடிக்கும். வளர்ந்த ஒருவரைப் பற்றி "அடம் பிடிக்கிறார்" என்றால் அவரைப் பிள்ளையாக்கிச் சிறுமைப்படுத்துகிறோம். வீம்பு என்பதில், தனக்கே நட்டம் என்று தெரிந்தும் பிறருக்குக் காட்டுவதற்காக நிற்கும் நிலை உண்டு. "நாண்டுகொண்டு நிற்கிறான்" என்ற நம்மவர் பேச்சுவழக்கில் கேட்பவரின் சலிப்பும் சேர்ந்தே ஒலிக்கிறது. வைராக்கியம் இவற்றுள் விசித்திரமானது. பற்றின்மை என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்த சொல், தமிழில் விட்டுக்கொடாத உறுதியைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது.

இவற்றுள் விடாப்பிடி புகழ்ச்சியா, இகழ்ச்சியா? தனியே எடுத்தால் இரண்டும் அல்ல என்பது என் கருத்து. ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: தம்பலகாமத்தில் ஒரு விவசாயி தம் காணி உறுதிப் பத்திரத்தில் இருந்த பிழையைத் திருத்தித் தரும்படி கந்தோருக்குப் போய்வருகிறார், "நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லச் சொல்ல, நாளைக்கும் வருகிறார். அவருடைய மகள் அதை விடாமுயற்சி என்பாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "பிடிவாதக்கார மனிசன்" என்பார். இருவரையும் பார்த்துக்கொண்டு வரிசையில் நிற்கும் மூன்றாமவர்தான் "அந்த ஐயா விடாப்பிடியாகக் கேட்டு வாங்கிவிட்டார்" என்று சொல்லக்கூடியவர். நடந்தது ஒன்று, சொல்லைத் தேர்ந்தெடுத்தது சொல்பவர் நின்ற இடம்.

செய்தி எழுதுபவர்கள் இதை அறிந்தோ அறியாமலோ நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள். ஒரு தரப்பார் "தங்கள் கோரிக்கையில் உறுதியாக உள்ளனர்", மறு தரப்பார் "விடாப்பிடியாக மறுக்கின்றனர்" என்று வாசிக்கப்படும்போது, யார் பக்கம் நியாயம் என்று எங்கும் சொல்லப்படவில்லை, ஆனாலும் சொல்லியாயிற்று. வீடுகளிலும் இப்படித்தான். மேற்படிப்புக்குத்தான் போவேன் என்று நிற்கும் ஆண்பிள்ளைக்கு வைராக்கியம் என்று பெயர், பெண்பிள்ளைக்கு மட்டும் பிடிவாதம். இந்த ஓரவஞ்சனை மொழியின் குற்றமல்ல, ஆனால் மொழியில்தான் முதலில் வெளிப்படுகிறது.

தன்னைப் பற்றிப் பேசும்போதும் இச்சொற்கள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. "நான் விடாப்பிடியாக நின்றேன்" என்று ஒருவர் சற்றுப் பெருமையோடு சொல்லலாம். "நான் முரண்டு பிடித்தேன்" என்பதை எவரும் தம் சிறுவயதுக் கதையில்தான் சொல்வார். பிறரை நோக்கி "விடாமுயற்சியோடு படி" என்று சொல்வது இயல்பு. "விடாப்பிடியாகப் படி" என்றால், படிக்க வேண்டாம் என்று யாரோ தடுக்கிறார்களோ என்று கேட்கத் தோன்றும். அப்படித் தடுப்பவர் உண்மையில் இருந்தால் அதுவே சரியான வாக்கியம்.

சொல் இருந்தும் அதைத் தவிர்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. திருகோணமலையில் உள்ள நம் கோணேசர் கோயிலை 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பின்னரும், அடியார்கள் அக்கோயில் நின்ற சுவாமிமலைப் பாறையில் வழிபடுவதை விட்டுவிடவில்லை. இங்கே பிடித்தவர் உண்டு, பிடித்த பொருள் உண்டு, எதிரே நின்ற பெரும் வல்லமையும் உண்டு. ஆயினும் "விடாப்பிடியாக வழிபட்டனர்" என்று எழுத என் கை வராது. அச்சொல்லில் முகத்துக்கு முகம் நின்று வாதாடும் சூடு இருக்கிறது. வழிபாட்டுக்கு அது பொருந்தவில்லை. "விடாது வழிபட்டு வந்தனர்" என்றே எழுதுவேன். ஒரு மாணவர் விடாப்பிடி என்றே எழுதி, அடியார்களின் எதிர்ப்பைத்தான் தாம் காட்ட விரும்பியதாக விளக்கம் சொல்வாரானால், நான் முழுப் புள்ளியும் கொடுப்பேன்.

வணக்கம்.