பந்தி நெரிசலுக்கும் மேடைதான் காரணம்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘கல்யாணத்துக்குப் போகிறவரை அதிகம் வாட்டுவது பந்தியா, வரவேற்பு மேடையா?’ என்பது இன்றைய கேள்வி. மேடைதான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் வந்து நிற்பதை எதிரணித் தோழர் வேதனையோடு சொன்னார். உண்மைதான். முதுகில் நாலு பேர் மூச்சு விட்டால் மோர்சாதம் தொண்டையில் இறங்காது. ஆனால் அந்தக் கூட்டம் ஏன் ஒரே நேரத்தில் அங்கே வந்தது? அதை அவர் கேட்கவே இல்லையே!

கணக்குப் போடுவோம். சென்னையில் ஒரு நடுத்தர மண்டபம், சாப்பாட்டுக் கூடத்தில் 200 இலை. இலை போட்டுப் பரிமாறி, எடுத்துத் துடைக்கப் பந்திக்கு 40 நிமிடம். 7 மணிக்கு ஆரம்பித்தால் 9:40-க்குள் நாலு பந்தி, 800 பேர். வந்திருப்பவர்கள் 600 பேர்தான். தாராளமாகப் போதும்.

இப்போது மேடைக்கு வாருங்கள். நாலு நாலு பேராக ஏறினால் 150 குழு. குழுவுக்கு ஒரு நிமிடம் என்றாலே இரண்டரை மணி நேரம். பத்திரிகையில் 6:30 என்று போட்டிருப்பார்கள். அலங்காரம் முடிந்து மணமக்கள் மேடையேற 8 ஆகிவிடும். கவரைக் கொடுக்காமல் எப்படிச் சாப்பிடப் போவது என்று 7 மணிக்கு வந்தவர்கள் தயங்கி உட்கார்ந்திருப்பார்கள். முதல் பந்தி பாதி காலி. எட்டரைக்குப் பொறுமை போய், பிள்ளைகளுக்குப் பசி வந்து, மொத்தமாகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு விரைகிறார்கள். நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்கள் அவர்கள்தான்.

அந்த ஒரு நிமிடமும் ஒரு நிமிடமாகவா இருக்கிறது? உயரமானவரைப் பின்னால் தள்ளி, “சார், கவரைக் கொடுக்கிற மாதிரி இன்னொரு தடவை” என்பார் போட்டோக்காரர். குழந்தை வேறு பக்கம் பார்த்திருந்தால் மறுபடியும் ஒரு படம். அதற்குள் மாப்பிள்ளையின் கல்லூரி நண்பர்கள் பக்கவாட்டில் ஏறிவிடுவார்கள். கைப்பிடி இல்லாத ஐந்து படி, கால் தடுக்கும் விளக்கு ஒயர். முழங்கால் வலியோடு வந்த பெரியம்மா எதைப் பிடித்து ஏறுவார்?

இதைவிடக் கவலையானது ஒன்று உண்டு. சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினைப் போட்டுக்கொண்டு வந்தவர் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றால் சர்க்கரை இறங்கும், வியர்க்கும், கை நடுங்கும். இலையில் உட்கார்ந்திருந்தால் இது நேருமா?

மொய்யையும் பாருங்கள். மொய் மேசை என்றால் பெயர், ஊர், தொகை நோட்டில் ஏறிவிடும். மேடையில் கொடுத்த கவர் தோழனின் பைக்குள் போகிறது. மேலே பெயர் எழுத மறந்திருந்தால் கொடுத்தவர் கொடுக்காதவர் ஆகிவிடுகிறார். உறவுக்குள் மனஸ்தாபம் வர இது போதாதா?

வழி இருக்கிறது. பத்திரிகையில் போட்ட நேரத்துக்கு மணமக்கள் மேடையில் இருக்கட்டும். குழுவுக்கு ஒரே படம். மேடைக்குக் கீழே மொய் மேசை. வரிசை நெடுக நாற்காலி. சில வீடுகளில் மணமக்களே கீழே இறங்கி, பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போய் ஆசி வாங்குகிறார்கள். அந்தப் பெரியவர்கள் இரண்டாம் பந்தியிலேயே நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு, கடைசி பஸ்ஸையும் பிடித்துவிடுகிறார்கள். மேடையை மாற்றியதும் பந்தி எப்படிச் சரியானது? எதிரணியின் அடுத்த பேச்சாளர் அதற்குப் பதில் சொல்லட்டும்.