நிறைந்தபடி திரும்பிய தண்ணீர்ப் பாட்டில்

(குடியாத்தம் அருகே ஒரு தொடக்கப் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

தாய்மார்களே, பெரியோர்களே! பீடி முறத்தை ஓரமாக வைத்துவிட்டும், ஆம்பூர் ஷூ கம்பெனியில் அரை நாள் கூலியை இழந்தும் வந்திருக்கிறீர்கள். ஆகவே நேராகச் செய்திக்கே வருகிறேன்.

என் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். வேலூர் வெயில் எப்படியென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஏப்ரல் மாதத்திலும் அவளுடைய தண்ணீர்ப் பாட்டில் காலையில் வந்ததுபோலவே மாலையில் வீடு திரும்பியது. அம்மா கேட்டால், "தாகம் இல்லை" என்பாள். நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து படுத்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூவர் அவளைக் கழிப்பறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டு, அவள் அழுவதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அங்கே போகவே வேண்டாம் என்பதற்காகக் குழந்தை தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். வாரக்கணக்கில் என் கண்ணெதிரில் இருந்தவளை நான் கவனிக்கவில்லை என்பது இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

பிள்ளைகள் சண்டையிடுவது இயல்பு; காலையில் "காய்" விட்டவர்கள் மதியச் சோற்று வேளையில் "பழம்" விட்டுக்கொள்வார்கள். துன்புறுத்தல் அப்படிப்பட்டதன்று. இதை 1970களிலேயே ஆராயத் தொடங்கிய டான் ஒல்வேயஸ் என்ற உளவியலாளர் அதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க இயலாத பிள்ளைக்குச் செய்வது. அடி மட்டுமல்ல, ஆட்டத்தில் சேர்க்காமல் ஒதுக்குவதும், நிறத்தையோ சாதியையோ சொல்லிப் பட்டப்பெயர் வைப்பதும், தோல் தொழிற்சாலையில் உழைக்கும் தகப்பனின் பிள்ளையைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்வதும் இதில் அடங்கும். இவற்றைப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் கற்பதில்லை, நம் வீட்டுத் திண்ணையில்தான் கேட்கிறார்கள்.

ஞாயிறு இரவே தொடங்கும் வயிற்றுவலி, அடிக்கடி தொலையும் பென்சிலும் ரப்பரும், தொடாமல் திரும்பும் தின்பண்டம் அல்லது வீடு வந்ததும் அடங்காத பசி, இவற்றில் ஏதேனும் தொடர்ந்து தெரிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். "யார் அடித்தது?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் பிள்ளை வாய் திறக்காது. "சாப்பிடும்போது யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், இன்டர்வெல்லில் எங்கே இருந்தாய்?" என்று கேளுங்கள், பதில் தானாக வரும்.

அப்படி வரும்போது நீங்கள் சொல்லும் முதல் வார்த்தையைப் பொறுத்தே அந்தப் பிள்ளை இனி உங்களிடம் சொல்வதும் சொல்லாததும் அமையும். "நீ என்ன பண்ணே?" என்றால் குற்றவாளியாக்குகிறீர்கள். "திருப்பி அடிக்க வேண்டியதுதானே" என்றால், முடியாததால்தான் உங்களிடம் வந்திருக்கும் பிள்ளையை இன்னொரு முறை தோற்கடிக்கிறீர்கள். "சொன்னது நல்லதாப் போச்சு கண்ணு, இதுல உன் தப்பு எதுவும் இல்ல" என்பது போதும்.

பள்ளி வாசலில் எதிர்ப் பிள்ளையின் பெற்றோரை மறித்துக் கேட்காதீர்கள். அது தெருச் சண்டையாகும், நம் ஊர்களில் சாதிச் சண்டையாகவும் ஆகும். நடந்த தேதி, இடம், பார்த்தவர்கள் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வகுப்பாசிரியரையும், பிறகு தலைமை ஆசிரியரையும் பாருங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, இதுபோன்ற அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்களே. அங்கே இதைப் பேச உங்களுக்கு உரிமையுண்டு. பள்ளியில் தீராவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

துன்புறுத்தியது உங்கள் பிள்ளை என்று தெரிந்தால் மறைக்காதீர்கள், பெல்ட்டையும் எடுக்காதீர்கள். வலியவன் எளியவனை அடிக்கலாம் என்ற பாடத்தைத்தான் அந்த அடியும் கற்பிக்கும்.

அந்தக் குழந்தைக்காக நாங்கள் பெரிதாக எதுவும் செய்யவில்லை. கழிப்பறைக் கதவின் வெளித்தாழ்ப்பாளைக் கழற்றினோம். இடைவேளைதோறும் ஓர் ஆசிரியர் அங்கே நின்றார். ஒரு மாதம் கழித்துத்தான் அவள் பாட்டில் காலியாக வீடு போனது. இங்கிருந்து கிளம்பும் முன் உங்கள் பள்ளியின் கழிப்பறைக் கதவுகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.