மாவைப் பிசையாதீங்க! ஓட்ஸ் ஸ்கோன், உலர்பழம் போட்டது

வணக்கம் மக்களே! எடின்பரோவுல இன்னைக்கும் மழை. வெளியில சுத்தற வேலை இல்ல, அடுப்படி வீடியோதான். ஓட்ஸ் ஸ்கோன் பண்ணப் போறோம், அதாவது டீயோட சாப்பிடற, ஈஸ்ட் போடாத குட்டி ரொட்டி. உள்ள உலர்ந்த திராட்சையும் ஆப்ரிகாட்டும்.

ஸ்கோன்னதும் இங்கிலாந்து, சாயங்கால டீன்னுதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா இதுக்குப் பொறந்த வீடு இந்த ஸ்காட்லாந்துதான். இந்தக் குளிருக்கும் ஈரத்துக்கும் கோதுமையை விட ஓட்ஸ் நல்லா வரும். அதனால பழைய ஸ்கோன் எல்லாம் ஓட்ஸ், பார்லி மாவுலதான். ஓவனும் கிடையாது. கிர்டில்னு கனமான இரும்புத் தட்டு, கிட்டத்தட்ட நம்ம தோசைக்கல்லு, அதுல வட்டமாப் போட்டுச் சுடுவாங்க. சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் வந்த பிறகுதான் இப்படி உப்பலா வர ஆரம்பிச்சுது. 1843-ல பர்மிங்காம்ல ஆல்ஃபிரட் பேர்டுங்கறவர் வீட்டம்மாவுக்கு ஈஸ்ட் ஒத்துக்கலைன்னு பேக்கிங் பவுடர் பண்ணாரு. முட்டையும் ஒத்துக்காதுன்னு முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரும் அவரே பண்ணதுதான். என்ன மனுஷன் பாருங்க!

சரி, வேலைக்கு வருவோம். ஓட்ஸ் 100 கிராம். பெரிய செதில் இருக்கும்ல, ரோல்டு ஓட்ஸ், அதான் வேணும். ரெண்டு நிமிஷத்துல வேகற இன்ஸ்டன்ட் வேண்டாம், கூழாயிரும். இதுல 180 மில்லி மோர் ஊத்தி இருபது நிமிஷம் விட்டுருங்க. மோர்னா தாளிச்சுக் குடிக்கற நீர்மோர் இல்ல. கெட்டித் தயிர்ல கொஞ்சமா தண்ணி விட்டு அடிச்சது, ஊத்தினா மெதுவா விழணும். ஊறாத ஓட்ஸ் மாவுல இருக்கற ஈரத்தை எல்லாம் ஓவனுக்குள்ள இழுத்துக்கும், ஸ்கோன் வறட்டி மாதிரி வந்துரும்.

பழமும் அப்படித்தான். திராட்சை, ஆப்ரிகாட் சேர்த்து 100 கிராம், சூடான டீ டிகாஷன்ல பத்து நிமிஷம் போட்டு வடிச்சு, துணியில ஒத்தி எடுத்துருங்க. இதோ, கேமரா கிட்ட காட்டறேன்... இந்த ஆப்ரிகாட் பளிச்சுனு ஆரஞ்சா இருக்கு, இது கறுப்பா சுருங்கி இருக்கு. கறுத்தது கெட்டுப் போனதில்லீங்க. ஆரஞ்சுக்கு சல்ஃபர் டை ஆக்சைடு காட்டி நிறத்தைப் பிடிச்சு வெச்சிருக்காங்க, அவ்ளோதான். எனக்குக் கறுப்புதான் பிடிக்கும், கருப்பட்டி வாசம் லேசா அடிக்கும்.

மைதா 225 கிராம், பேக்கிங் பவுடர் மூணு டீஸ்பூன், சோடா கால் டீஸ்பூன், உப்பு அரை, நாட்டுச் சர்க்கரை 40 கிராம். முழுக்க ஓட்ஸ்லயே பண்ணலாமான்னு கேப்பீங்க. ஓட்ஸ்ல குளூட்டன் கிடையாது, பிடிப்பே இருக்காது, கையில எடுத்தா உதிரும். மைதா கொஞ்சம் வேணும்.

இப்ப வெண்ணெய், 85 கிராம், ஃப்ரிட்ஜ்ல இருந்து நேரா. சென்னையில, மதுரையில இருக்கறவங்க அரை மணி ஃப்ரீசர்ல வெச்சுட்டு காய் துருவியில துருவிருங்க, கைச்சூடு படாது. விரல் நுனியால மாவுல உதிர்த்து விடுங்க. அங்கங்க பட்டாணி அளவுக்குக் கட்டி தெரியுதா? அது இருக்கட்டும். ஓவன் சூட்டுல அந்தக் கட்டி உருகும், அதுல இருக்கற தண்ணி ஆவியாகி மாவைத் தூக்கி விடும். முழுசா கரைச்சுட்டீங்கன்னா பிஸ்கட்தான்.

பழம், ஊறின ஓட்ஸ், எல்லாம் போட்டு கரண்டியால சேருங்க. காஞ்ச மாவு கண்ணுல படாம போற வரைக்கும்தான், அப்புறம் கையை எடுத்துருங்க. நம்ம ஊர்ல சப்பாத்திக்கு அடிச்சுப் பிசைஞ்சு பழகின கைக்கு இதுதான் கஷ்டமே! பிசைஞ்சா ரப்பராயிரும். பிசுபிசுன்னு அசிங்கமாத்தான் இருக்கும், பரவால்ல. பலகையில மாவு தூவி, ஒண்ணேகால் இன்ச் கனத்துக்கு வட்டமா தட்டி, எட்டாப் போடுங்க. கத்தியை நேரா இறக்குங்க, இழுத்து அறுத்தா ஓரம் ஒட்டிக்கிட்டு ஒரு பக்கமா சாஞ்சு எழும்பும். வெளிய துருத்திக்கிட்டு இருக்கற திராட்சையை உள்ள அமுக்கிருங்க, இல்லேன்னா கருகிக் கசக்கும்.

மேல பால் தடவி, 200 டிகிரி செல்சியஸ், பதினெட்டு நிமிஷம். மேஜை மேல வைக்கற சின்ன ஓவன், ஓடிஜின்னா நல்லா முன்னாடியே சூடு பண்ணி நடுத்தட்டுல வைங்க. மேல சீக்கிரம் சிவக்குதுன்னா ஃபாயில் மூடுங்க.

...வந்தாச்சு. அடியில தட்டினா டொக்குனு சத்தம் வருது பாருங்க, வெந்துருச்சு. கத்தி வேண்டாம், கையால பிரிங்க. ஆவி! இங்கிலாந்துல ஸ்கோன் மேல எதை முதல்ல தடவறதுன்னு, டெவன் பக்கம் கிரீம் முதல்ல, கார்ன்வால் பக்கம் ஜாம் முதல்லன்னு சண்டையே உண்டு. இந்த ஓட்ஸ் ஸ்கோனுக்கு ரெண்டுமே வேண்டாம், உப்பு வெண்ணெய் போதும். இன்னைக்கே சாப்பிட்டுருங்க, நாளைக்கு வறண்டு போகும். மிச்சம் வைக்கணும்னா சுடாத துண்டையே ஃப்ரீசர்ல போட்டு, வேணுங்கறப்ப அப்படியே ஓவனுக்கு. அஞ்சு நிமிஷம் கூட ஆகும். நான் டீ போடப் போறேன், பை பை!