காதலுக்குத் திருநாள் எதற்கு? கடிதம் எழுதுங்கள்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, இந்த மன்றத்தை ஆண்டுதோறும் தளராமல் நடத்திவரும் செயலாளர் அவர்களே, வரவேற்புரையிலேயே தலைப்பின் நாடியைப் பிடித்துவிட்ட சகோதரி அவர்களே, ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொள்ளும் தம்பிகளே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் இளைஞர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

காதலைக் கொண்டாடத் தனியாக ஒரு நாள் வேண்டுமா? வரலாறு, வணிகம், துணையில்லாதவர்களின் மனம் என்று மூன்று கோணங்களில் பேச வந்திருக்கிறேன். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள் வேண்டியதில்லை, சொல்தான் வேண்டும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

பிப்ரவரி 14, காதலர் நாள். அதற்குப் பெயர் தந்த வாலண்டைன், 3ஆம் நூற்றாண்டில் தன் கிறித்தவ நம்பிக்கைக்காக உயிர்நீத்த மறைசாட்சி என்பது மரபு. அந்த நாளைக் காதலோடு சேர்த்துப் பேசியது 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் சாசர். பறவைகள் துணை தேடும் நாள் என்று பாடினார். 1969இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் பொது நாள்காட்டியிலிருந்து அந்தத் திருநாளை எடுத்துவிட்டது. அதனால் காதல் குறைந்துவிடவில்லையே! நம் தமிழ் இலக்கணமோ காதலுக்கு ஆண்டு முழுவதையும் எழுதிவைத்தது. காதலின் ஐந்து திணைகளில் குறிஞ்சிக்குக் குளிர்காலமான கூதிரும் முன்பனியும், முல்லைக்கு மழைக்காலமான கார், பாலைக்கு வேனிலும் பின்பனியும். மருதத்துக்கும் நெய்தலுக்கும் ஆறு பருவங்களும் சொந்தம்.

இப்போது ஒரு கதை, நடந்த கதை. 1477 பிப்ரவரி, இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதி. மார்ஜரி ப்ரூஸ் என்றொரு பெண், ஜான் பாஸ்டன் என்றொரு வாலிபர். மனம் ஒத்துவிட்டது, சீதனப் பேச்சில் முட்டிக்கொண்டு நிற்கிறது. சொன்னதற்கு மேல் தரமாட்டேன் என்கிறார் பெண்ணின் அப்பா. அம்மா என்ன செய்தார்? மாப்பிள்ளைக்கு எழுதினார்: "வெள்ளிக்கிழமை வாலண்டைன் நாள், ஒவ்வொரு பறவையும் துணை தேடும் நாள். வியாழன் இரவே வாருங்கள், திங்கள் வரை தங்குங்கள், என் கணவரிடம் பேசுங்கள்." எப்பேர்ப்பட்ட தாய்!

மகளும் எழுதுகிறாள். தானே எழுதவில்லை, அப்பாவின் எழுத்தரை வைத்தே எழுதுகிறாள். உடம்பும் மனமும் நன்றாக இல்லை, உங்களிடமிருந்து சேதி வரும்வரை நன்றாகாது என்கிறாள். அம்மா எவ்வளவோ மன்றாடியும் சீதனம் கூடவில்லை; நீங்கள் என்னை நேசிப்பது உண்மையானால் அதற்காக என்னைக் கைவிடமாட்டீர்கள் என்கிறாள். அதே ஆண்டு திருமணம் நடந்தது. கடிதம் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அந்த நாள் தாய்க்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். வேலையைச் செய்தது கடிதம். சட்டியில் இருந்தது, அகப்பையில் வந்தது.

வணிகத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம். பிரேசிலில் ஜூன் 12 காதலர் நாளானது, மந்தமான ஜூன் விற்பனையைத் தூக்க 1940களின் இறுதியில் ஒரு விளம்பரக்காரர் போட்ட திட்டத்தால். இது போதும். எனக்குக் கடிதத்தைப் பற்றிப் பேச நேரம் வேண்டும்.

கடிதம் எழுதுங்கள், கையால். எழுதி முடித்ததும் மேலே உள்ள பெயரை மாற்றிப் பாருங்கள். வேறு யாருக்கும் பொருந்தினால் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். நிலவே, மலரே எல்லாம் யாருக்கும் பொருந்தும். இந்த வாரம் அவர் செய்த ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள்: காய்ச்சலில் கிடந்தபோது இரவு மூன்று மணிக்கு எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்ததை. பதினைந்து வரி போதும்.

தேதி போடும்போது ஆண்டையும் போடுங்கள். இருபது வருடம் கழித்து எடுப்பவருக்கு "14-2" என்பது எதையும் சொல்லாது. தாளை மூன்றாக மடிப்பதானால் ஏ4 தாளில் மேலிருந்து 10 சென்டிமீட்டரிலும் 20 சென்டிமீட்டரிலும் மடிப்பு விழும். அந்த இரண்டு இடத்திலும் ஒரு வரி இடம் விடுங்கள். தாள் முதலில் தேய்ந்து கிழிவது மடிப்பில்தான், அங்கே எழுதிய வரியும் அதோடு போய்விடும். சாதாரண ஊற்றுப்பேனா மை ஒரு துளி கண்ணீரில் கரையும். பென்சில் எழுத்து கரையாது, வெளிறாது. மலிவான மரக்கூழ்த் தாளில் அமிலம் இருக்கும், பழுத்து நொறுங்கும். அமிலமற்ற தாள் என்று கேட்டு வாங்குங்கள். கிழிந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை பழுப்பாகி எழுத்தில் இறங்கும். லாமினேஷன் செய்யவே செய்யாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது.

கைப்பேசியில் அனுப்பினால் ஆகாதா என்று இளைஞர்கள் கேட்பீர்கள். அனுப்புங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கைப்பேசியை மாற்றும்போது பழைய உரையாடலைச் சேமிக்க மறந்து இழந்தவர்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பீர்கள்.

மூன்றாவது கோணத்துக்கு நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்று மட்டும். துணையில்லாதவர்களும் எழுதுங்கள், அம்மாவுக்கு, நண்பருக்கு. வாசலருகே மேசையில் தாளும் பென்சிலும் உறையும் வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கு ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.