பைலட் சுடர் சின்னதாக எரிகிறது, திருகைத் திருப்பலாமா?

வணக்கம். இன்றைக்கு எடுத்திருக்கும் கேள்வி இதுதான்: "எங்கள் வீட்டில் இருப்பது புரோப்பேன் அடுப்பு. பர்னரைப் பற்றவைக்க எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் பைலட் சுடர் கொஞ்ச நாளாகச் சின்னதாகிவிட்டது, அடிக்கடி அணைந்தும் போகிறது. பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறதே, அதைத் திருப்பிப் பெரிதாக்கிவிடலாமா?"

திருப்பலாம், ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. இவ்வளவு நாள் நன்றாக எரிந்த சுடர் இப்போது சுருங்குகிறது என்றால் திருகு தானாகச் சுற்றிக்கொள்ளவில்லை, கேஸ் வரும் வழியில் எங்கேயோ குறைகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் திருகைத் திறந்துவிட்டால் இன்றைக்கு எரியும், நாளைக்கு அந்த அடைப்பு விலகும்போது சுடர் தேவைக்கு மேல் நீண்டு கரி கக்கும்.

அதனால் முதலில் பெரிய பர்னரைப் பற்றவைத்துப் பாருங்கள். அது வழக்கம்போல் எரிந்து, பைலட் மட்டும் மெலிந்திருந்தால் கோளாறு பைலட்டில்தான், சிலிண்டர் பக்கம் போகவே வேண்டாம். எல்லா பர்னரும் மந்தமாக எரிந்தால் சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் இந்த மூன்றில் ஒன்று. இன்னொன்றும் பாருங்கள். பைலட் தனியாக எரியும்போது சரியாக இருந்து, இரண்டு மூன்று பர்னரைத் திறந்ததும் சுருங்குகிறதா? அப்படியானால் ரெகுலேட்டரால் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்த முடியவில்லை, அல்லது டியூப் எங்கேயோ மடங்கி நசுங்கியிருக்கிறது.

அடுத்து நிறம். சுடர் சின்னதாக இருந்தாலும் நீலமாக, நேராக நின்றால் கேஸ் போதவில்லை. மஞ்சளாக, சோம்பலாக ஆடினால் காற்று போதவில்லை, பைலட்டின் அடிப்பக்கத்தில் காற்றை உள்ளே இழுக்கும் சின்னத் துளையில் பஞ்சுத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்திருக்கும். பல நேரங்களில் அடுப்பு ஆறிய பிறகு ஒரு மெல்லிய பிரஷ்ஷால் துடைத்துவிட்டாலே அது தீர்ந்துவிடும்.

நீலமாகவும் சின்னதாகவும் இருந்தால் பெரும்பாலும் ஜெட்டில், அதாவது கேஸ் வெளியே வரும் துளை உள்ள சின்னத் துண்டில் அடைப்பு. பலர் ஜெட்டை வீணாக்குவதும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரே கன அளவு இயற்கை எரிவாயுவோடு ஒப்பிட்டால் புரோப்பேனில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெப்பம் இருக்கிறது. அதனால் புரோப்பேனுக்கான ஜெட்டில் துளை மிகச் சின்னது, பைலட்டின் ஜெட்டில் அது முடி அளவுக்கு நுணுக்கமானது. ஒரு சிலந்தி இழை போதும், பாதி அடைத்துவிடும். உடனே எல்லோரும் கையில் எடுப்பது ஊசி. தயவுசெய்து வேண்டாம். ஜெட் பித்தளை, ஊசி இரும்பு, லேசாகக் குத்தினாலே துளை அகன்றுவிடும். அகன்ற துளையைத் திரும்பச் சுருக்க வழியே கிடையாது, புது ஜெட்தான் போட வேண்டும்.

செய்ய வேண்டியது இது. சிலிண்டர் வால்வை மூடுங்கள், அடுப்பு முழுதாக ஆறட்டும். பைலட்டுக்குப் போகும் மெல்லிய குழாயின் நட்டைக் கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று பைலட்டை அசையாமல் பிடிக்க, மற்றது நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும், அப்புறம் அதுவே புது அடைப்பு. ஜெட்டை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், வட்டமாக ஒரு ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தாலோ, ஒன்றுமே தெரியாவிட்டாலோ ஆல்கஹாலில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, கேஸ் வெளியே வரும் பக்கத்திலிருந்து உள்பக்கமாகக் காற்றடியுங்கள். நன்றாக உலர்ந்த பிறகுதான் திரும்ப மாட்ட வேண்டும்.

இனி, எல்லா பர்னரும் மந்தம் என்பவர்களுக்கு. ரெகுலேட்டரில் அளவுக்கு மீறிய ஓட்டத்தைத் தடுக்கும் அமைப்பு இருந்தால், சிலிண்டர் வால்வைச் சட்டென்று முழுதாகத் திறக்கும்போது டியூப் உடைந்துவிட்டது என்று நினைத்து அது கேஸைக் குறைத்துவிடும். அடுப்புக் குமிழ்களையும் வால்வையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு மாட்டி, வால்வை மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும். சிலிண்டர் காலியாகிறதா என்பதை எடை போட்டுப் பாருங்கள், குலுக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது. குளிரும் ஒரு காரணம்: புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகும், பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியில்தான் ஆவியாகும், அதனால் பியூட்டேன் கலந்த சிலிண்டர் கடும் குளிரில் திணறும்.

இதெல்லாம் முடிந்த பிறகு அந்தத் திருகுக்கு வாருங்கள். கால் சுற்று, பொறுத்துப் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். தெர்மோகப்பிள் (சூடானால் மின்சாரம் உண்டாக்கும் சின்னக் கம்பி போன்ற பாகம்) உள்ள பைலட் என்றால் அதன் நுனியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரைச் சுடர் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். அந்தச் சூட்டில் அது உண்டாக்குவது வெறும் 20, 30 மில்லிவோல்ட்தான், அதுதான் கேஸ் வால்வைத் திறந்தே வைத்திருக்கிறது. சுடர் நுனியைத் தொட்டும் தொடாமலும் ஆடினால் வால்வு மூடிக்கொள்ளும், கேள்வி கேட்டவர் சொன்ன "அடிக்கடி அணைகிறது" இதனாலும் இருக்கலாம். சுடர் உஸ்ஸென்று இரைந்து துளையை விட்டு எழும்பி நின்றால் அளவு மிஞ்சிவிட்டது.

ஒன்றை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய அடுப்புகளில் மேல் பர்னர்களைப் பற்றவைக்கும் பைலட்டுக்குத் தெர்மோகப்பிள் இருக்காது, அணைந்தாலும் கேஸ் கசிந்துகொண்டே இருக்கும். புரோப்பேன் காற்றை விட ஒன்றரை மடங்கு கனமானது, தரையோடு தங்கும், நின்றபடி மோந்து பார்த்துவிட்டு வாசனை இல்லை என்று லைட்டரை அழுத்தாதீர்கள். குனிந்து மோந்து பாருங்கள். வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், முடிந்தால் சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள், கேஸ்காரருக்கு வெளியே வந்து போன் செய்யுங்கள். வாசனை இல்லை, வேலை முடிந்தது என்றாலும் கழற்றி மாட்டிய ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பற்றவையுங்கள். ரெகுலேட்டர் சந்தேகம் என்றால் அதைத் திறந்து பார்க்க வேண்டாம், மொத்தமாக மாற்றிவிடுங்கள்.