வாட்ச்மேன் கட்சி

தலைப்பு: நோயிலிருந்து நம்மை அதிகம் காப்பது பிறவியிலேயே வந்த எதிர்ப்பாற்றலா, பட்டுத் தெரிந்துகொண்ட எதிர்ப்பாற்றலா? (மயிலாப்பூர் மேடை, பிறவி அணி)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஆறு நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள், அதனால் வணக்கம் இவ்வளவுதான்.

எதிரணி அம்மா போகிற போக்கில் ஒரு கல்லை வீசிவிட்டுப் போனார். "பிறவி எதிர்ப்பாற்றல் ஞாபகமறதிக்கார வாட்ச்மேன். பத்து தடவை வந்த திருடனையும் அடையாளம் தெரியாது. எங்கள் ஆள் ஒருமுறை பார்த்தால் ஆயுசுக்கும் மறக்க மாட்டான்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நன்றாகத்தான் இருந்தது.

சரி, அந்த வாட்ச்மேனை வேலை செய்யும்போதே கண்ணால் பார்த்தவர் கதையைக் கேளுங்கள். மெட்ச்னிக்காஃப், ரஷ்ய விஞ்ஞானி. 1882, இத்தாலியில் மெசினா. வீட்டில் எல்லோரும் சர்க்கஸுக்குப் போய்விட்டார்கள். குரங்கு வித்தை! இவர் மட்டும் மைக்ராஸ்கோப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீடே கிளம்பும்போது "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு வேலை இருக்கு" என்று ஒருவர் சொல்வார் அல்லவா? (அந்த வரிசையில் சிரிக்கிற அம்மா வீட்டிலும் ஒருவர் இருக்கிறார் போல.) தனியாக மாட்டிய மனுஷன் என்ன செய்தார்? தோட்டத்தில் ரோஜா முள்ளைப் பறித்து வந்து, நட்சத்திர மீன் குஞ்சுக்குள் குத்திவிட்டார். உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரிகிற உடம்பு அது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்துக் கிடக்கின்றன! யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் குஞ்சு அதற்கு முன் ரோஜா முள்ளைப் பார்த்ததே இல்லை. கடலுக்குள் ஏது ரோஜா? எதிரணி ஆளாக இருந்தால் "இது எந்த ஊர் முள்" என்று விசாரித்து முடிக்கவே ஒரு வாரம் ஆகியிருக்கும். குரங்கு பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். வீட்டில் இருந்தவருக்கு 1908இல் நோபல் பரிசு வந்தது. அதிலும் பாதியை எர்லிக்குக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் ஆன்டிபாடி கட்சிக்காரர், அதாவது கிருமியைக் குறிவைத்துப் பிடிக்கிற புரதத்தின் கட்சி, எதிரணி ஆள்! நடுவர்கள் அன்றைக்கே அப்படித்தான்.

ஞாபகமறதி என்கிறீர்கள். பேர் எதற்கம்மா? பாக்டீரியாவின் மேலுறையில் நம் உடம்பில் எங்கேயும் இல்லாத பொருள்கள் உண்டு. அதைத் தொட்டதுமே வெளியாள் என்று தெரிந்துவிடும். சிராய் குத்திய விரல் சிவந்து, சுட்டு, வீங்கி, விண்விண்ணென்று தெறிக்கிறதே, அது வாட்ச்மேன் ஊதுகிற விசில். ரத்தக் குழாயிலிருந்து நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணுக்கள் இறங்கி வந்து, கிருமியை விழுங்கி, அங்கேயே சாகின்றன. அப்புறம் மஞ்சளாகச் சீழ் வருகிறதே, அதில் பெரும்பகுதி அவைதான். நாம் "சீ" என்று பஞ்சில் துடைத்துப் போடுகிறோம். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடியை அனுப்புகிறது. ஒன்றுக்கும் பென்ஷன் கிடையாது.

எதிரணியின் அந்த ஆயுசுக்கும் மறக்காதவனை எழுப்புவதே எங்கள் வாட்ச்மேன்தான். கிருமியின் துண்டைக் கொண்டுபோய் நெறி கட்டுகிற இடத்தில் காட்டினால்தான் அவன் கண் திறப்பான். பல தடுப்பூசிகளில் அலுமினிய உப்பு சேர்ப்பதும் இவனைத் தட்டி எழுப்பத்தான்.

இன்னும் மூன்று பாயிண்ட் எழுதி வந்தேன். வேண்டாம். வாட்ச்மேன் என்று இளக்காரமாகச் சொல்லிவிட்டீர்களே, அதுதான் மனசை அறுக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் வந்த ராத்திரி, ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன், செய்யாறு பக்கத்துப் பெரியவர். எங்கள் ஒருவர் பேரும் அவருக்குத் தெரியாது. நான் 'மூணாவது மாடி சார்', என் அம்மா 'மூணாவது மாடி பாட்டி'. கரண்ட் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் கம்பால் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். தரைத்தளத்துப் பாட்டியை முதுகில் சுமந்து மாடியேற்றினார். படகு வந்தது, ராணுவம் வந்தது, நன்றாகவே வேலை செய்தார்கள். ஆனால் முதல் ராத்திரி? தன் பாயும் டிரங்குப் பெட்டியும் வெள்ளத்தோடு போனதை அவர் காலையில்தான் சொன்னார், அதுவும் நாங்கள் கேட்ட பிறகு.

நடுவர் மணி அடித்துவிட்டார். ஐயா, எங்கள் பக்கம் தீர்ப்பு என்றால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். எதிரணிக்கு என்றால் ஒரு வாரம் கழித்துச் சொல்லுங்கள், அவர்களுக்கு அதுதானே பழக்கம்!