சாப்பிடுவதற்காகவே ஒரு பயணம்

வணக்கம் நேயர்களே. ஹோட்டல் சமையலறைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோலாலம்பூரில் என்னைத் தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உலகப் பேர் வாங்கிய உணவகத்தை எதற்குக் கிராமத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள்? பட்டணத்தில் வைத்தால் கூட்டம் அள்ளாதா?" நியாயமான கேள்வி. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

மிச்செலின் என்றால் டயர் ஞாபகத்துக்கு வரும். நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுப்பதும் அதே கம்பெனிதான். 1900-இல் பிரான்ஸில் கார் வைத்திருந்தவர்களுக்கு ஒரு சின்ன வழிகாட்டிப் புத்தகம் போட்டார்கள். எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே டயர் மாற்றலாம், எங்கே தங்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். கார் ஓடினால்தானே டயர் தேயும்! 1926-இல் நல்ல சாப்பாட்டுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். அப்புறம் அது ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரிந்தது. ஒரு நட்சத்திரம் என்றால் நல்ல சமையல். இரண்டு என்றால், போகிற வழியை விட்டு விலகிப் போய்ச் சாப்பிடலாம். மூன்று என்றால், அதற்காகவே வீட்டிலிருந்து கிளம்பலாம். ஆக, பயணம் போவதென்பது தொடக்கத்திலிருந்தே இந்தச் சாப்பாட்டோடு ஒட்டி வந்த விஷயம்.

பிரான்ஸின் ஓப்ராக் மேட்டு நிலத்தில் லாயோல் என்று ஓர் ஊர். மிஷேல் பிராஸ் என்ற சமையல்காரர் அங்கேதான் பேர் எடுத்தார். 1999-இல் மூன்று நட்சத்திரம். அவருடைய புகழ்பெற்ற தட்டின் பெயர் கார்குயு. பல வகைக் காய்கள், கீரைகள், பூக்கள். காய்களை ஒவ்வொன்றாகத் தனித்தனியே வேகவைத்து ஒரே தட்டில் சேர்ப்பார். காய்கறிதான் அதில் ராஜா. இங்கிலாந்தின் வடக்கே கார்ட்மெல் என்ற கிராமத்தில் பழைய கொல்லுப்பட்டறை ஒன்றில் 2002-இல் சைமன் ரோகன் என்ற சமையல்காரர் திறந்த உணவகம் லான்க்ளூம். சொந்தப் பண்ணை வைத்து, அதில் விளைவதைச் சமைக்கிறார். 2022-இல் அதற்கும் மூன்று நட்சத்திரம் கிடைத்தது.

இவற்றை நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட்டது ஆஸ்திரேலியாவில். மெல்பர்னிலிருந்து தென்மேற்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால் பிர்ரெகுர்ரா என்று ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கிறது பிரே என்ற உணவகம். ஸ்பெயினில் முகாரிட்ஸ் என்ற பெரிய உணவகத்தில் வேலை பார்த்த டான் ஹன்டர் 2013-இன் கடைசியில் திறந்தது. சுற்றிலும் 30 ஏக்கர் நிலம். 2017-இல் உலகின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் அது இடம் பிடித்தது. எங்கள் மகள் ஜீலோங்கில் வேலையில் இருந்தாள். "அப்பா, நீங்க காலமெல்லாம் அடுத்தவங்களுக்கு ஆக்கிப்போட்டீங்க, ஒரு நாள் உட்கார்ந்து சாப்பிடுங்க" என்று சொல்லி அவளே பதிவு செய்துவிட்டாள்.

போனது ஜூன் மாதம். நமக்கு வெயில் கொளுத்தும், அங்கே நல்ல குளிர்காலம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பண்ணை வீடு, அவ்வளவுதான். வாசலில் பளபளப்பு எதுவும் கிடையாது. சாப்பாட்டுக்கு முன்னால் தோட்டத்தைச் சுற்றி நடந்தோம். ஆலிவ் மரங்கள், காய்கறிப் பாத்திகள். சமையலறை உடுப்புப் போட்ட ஒரு பையன், காலில் சேறு ஒட்டிய பூட்ஸோடு பாத்தி ஓரம் குந்தி உட்கார்ந்து, கத்திரிக்கோலால் இலை வெட்டித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். எல்லா இலையையும் அவன் வெட்டவில்லை. ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து, கட்டை விரல் நகம் அளவுக்கு இருந்ததை மட்டும் எடுத்தான். நான் அங்கேயே நின்றுவிட்டேன். பட்டணத்துச் சமையலறையில் இலை பிளாஸ்டிக் பெட்டியில் வரும். வந்ததைத்தான் போட முடியும். இந்தப் பையனுக்கு எது வேண்டுமென்று செடியிடமே போய்க் கேட்கிற வசதி இருக்கிறது.

அப்புறம் உள்ளே போய் உட்கார்ந்தோம். அங்கே நாம் எதுவும் ஆர்டர் பண்ணுவதில்லை. அவர்கள் வைத்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆரம்பத்தில் வந்த ஒரு தட்டில் சிப்பி ஓடு. அதற்குள் சிப்பியை வைத்துச் செய்த ஐஸ்கிரீம், மேலே கடல்பாசிப் பொடி. என் மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னங்க இது, ஐஸ்கிரீம்ல கடல் வாசம் வருது!" என்றார். முகம் சுளித்தவர், ஓட்டைச் சுரண்டித்தான் கீழே வைத்தார்.

கடைசியில் வந்ததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பார்ஸ்னிப் என்று ஒரு கிழங்கு. பார்க்க வெள்ளை கேரட் மாதிரி இருக்கும், குளிர் நாடுகளில் சூப்பில் போடுவார்கள். விலை மலிவு. அதன் தோலைப் பொரித்து, உடைந்துபோகிற அளவுக்கு மொறுமொறுப்பாக்கி, உள்ளே பார்ஸ்னிப்பும் ஆப்பிளும் சேர்ந்த நுரையான கிரீமை வைத்திருந்தார்கள். கரண்டி பட்டதும் தோல் படக்கென்று நொறுங்கியது. கிழங்கின் மண்வாசம் முதலில் வந்தது, பிறகு இனிப்பு, அதன்மேல் ஆப்பிளின் புளிப்பு. இதில் சூட்சுமம் என்னவென்றால், உறைபனி விழ விழ பார்ஸ்னிப் தனக்குள் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். அதனால் குளிர்காலத்தில்தான் அதற்கு ருசி. நாங்கள் போனதும் சரியான பருவம். அத்தனை பேர் வாங்கிய சமையல்காரர், கடைசித் தட்டில் சாக்லேட்டை வைத்து அசத்தாமல், ஒரு சாதாரணக் கிழங்கை எடுத்து நடுவீட்டில் உட்கார வைத்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது நேயர்களே.

ஏன் என்றால், நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். பால்மரத் தோட்டம், அதாவது ரப்பர் தோட்டம். லயத்து வீட்டுக்குப் பின்னால் கையகல நிலத்தில் அம்மா முருங்கை, பூசணி, மணத்தக்காளி எல்லாம் வைத்திருந்தார். பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் கீரை ஒடிக்கப் போவார். பருப்பு வேகும்போது கீரை கையில் இருக்கும். காய் செடியை விட்டுப் பிரிந்த நிமிடத்திலிருந்து அதன் ருசி இறங்க ஆரம்பிக்கிறது. சோளத்தையும் பச்சைப் பட்டாணியையும் பறித்த பிறகு அவற்றின் சர்க்கரை மாவாக மாறிக்கொண்டே வரும். இதைப் படித்தவர்கள் ஆராய்ந்து சொன்னார்கள், அம்மா நாக்கால் சொன்னார். கேமரன் மலையில் வெட்டிய கீரை லாரியில் இறங்கி, செலாயாங் மொத்தச் சந்தையில் கைமாறி, கடைக்கு வந்து, நம் வீட்டுக் குளிர்பெட்டிக்கு வருவதற்குள் எவ்வளவோ போய்விடுகிறது. கிராமத்து உணவகம் அந்தத் தூரத்தை அறுத்துப்போடுகிறது. அது கிராமத்தில் இருப்பதற்குக் காரணம் அதுதான். மறுபடியும் சொல்கிறேன், பாத்திக்கும் அடுப்புக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் காரணம். அழகான காட்சி, சுத்தமான காற்றெல்லாம் அதற்கு அப்புறம்.

சரி, போக ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். விலை அதிகம். ஆளுக்கு 1,000 மலேசிய வெள்ளியைத் தொடுகிற இடங்கள் உண்டு. அதனால் கல்யாண நாள், ஓய்வு பெறும் நாள் என்று எதற்காவது சேர்த்து வைத்துப் போங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் அதைப் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். "மாட்டிறைச்சி வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் போதாது. மாட்டு எலும்பில் காய்ச்சிய சாறு, ஜெலட்டின் எல்லாம் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள், சாஸில் கலந்து வந்துவிடும். சைவமா, அதையும் முன்கூட்டியே கேளுங்கள். சில இடங்களில் சைவத்துக்குத் தனி வரிசையே இருக்கிறது, சில இடங்களில் முடியாது என்று நேராகச் சொல்லிவிடுவார்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் சமையல்காரர் பாவம், அவர் அதற்காகக் காலையிலேயே தோட்டத்தில் இறங்கியிருக்க வேண்டும். காலையில் லேசாகப் பசியாறுங்கள். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பரிமாறுகிறவரிடம் தயங்காமல் கேள்வி கேளுங்கள், அவர்களுக்கு அது பிடிக்கும்.

நம் நாட்டைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார், நேரம் நெருங்கிவிட்டதாம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரையும் பினாங்கையும் சேர்த்து மிச்செலின் முதல் பட்டியல் 2022 டிசம்பரில் வந்தது. அடுத்த ஆண்டு, டேரன் தியோ என்ற சமையல்காரரின் டேவாகான் இரண்டு நட்சத்திரம் பெற்றது. மலேசியாவில் அந்த நிலையைத் தொட்ட முதல் உணவகம் அது. நம் மண்ணில் விளைவதை வைத்தே சமைக்கிறார்கள். ஆனால் அது இருப்பது பட்டணத்துக் கட்டடத்தின் உச்சியில். பினாங்கில் பாலேக் பூலாவ் பக்கம் போய்ப் பாருங்கள், ஜாதிக்காய், கிராம்பு, டுரியான் என்று மலைச்சரிவெல்லாம் விளைந்து கிடக்கிறது. இங்கே கோலாலம்பூர் பக்கம் உலு லங்காட் இருக்கிறது, கோல குபு பாரு இருக்கிறது. ஹோட்டல்களில் நன்றாக வேலை பழகிய நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அங்கே ஒரு பாத்தி போட்டு, பக்கத்தில் ஐந்தாறு மேசை போட்டால் போதும். முருங்கைக்கீரையையும் மணத்தக்காளியையும் அந்தக் கிழங்கை வைத்த மாதிரி நடுவில் வைக்கட்டும். எப்போது திறக்கிறீர்கள் என்று இந்த வானொலி நிலையத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், நானும் என் மனைவியும் வந்துவிடுகிறோம். நன்றி, வணக்கம்.